மாசத்துக்கு ஒரு ஊசி!

பிராவிடண்ட் ஃபண்டைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் சரி, மனுஷ சுபாவம் தெரிந்த ஆசாமி. சம்பளத்தை முழுசாகக் கையில் கொடுத்து, ‘இதில் பன்னிரண்டு பர்சென்ட்டை நீயாகவே எடுத்து ஓரமாக வை, வயசான காலத்தில் உதவும்’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் மாசம் வைப்போம். இரண்டாம் மாசம் மச்சினிக்கு வளைகாப்பு. மூன்றாம் மாசம் தீபாவளி. நாலாம் மாசம், வைக்க வேண்டும் என்பதே மறந்து போயிருக்கும். நம்மைக் கேட்காமலே பிடித்துக்கொள்கிறார்கள், அதனால் சேர்கிறது. (ஆபீஸை விட்டு எழுத்தை நம்பி வந்த பிறகு எனக்கு பி.எஃப். பிடிக்க ஆள் இல்லை. சேமிப்பு நிலவரத்தைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.)

இதே தத்துவத்தை மருத்துவத்தில் ஒரு இடத்தில் பயன்படுத்துகிறார்கள். அபின், ஹெராயின், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வலி மாத்திரைகள் ஆகியவற்றில் சிக்கிக்கொண்டவர்களுக்கு மாசத்துக்கு ஒரே ஒரு ஊசி. எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் மெடிக்கல் ரெப்தான் முதலில் சொன்னார்.

“ஒரே ஊசியா? அப்ப ஒரே மாசத்துல குணமாயிடுமா தம்பி?”

“குணம் எங்க ஸார்... அந்த மாசம் முப்பது தடவை முடிவு எடுக்க வேண்டாம். ஒரு தடவை எடுத்தாப் போதும். அவ்ளோதான்.”

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய்விட்டார். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் போயிற்று. நான் பி.காம்.; எந்தச் சமாசாரமும் கணக்காக மாறினால்தான் மண்டையில் ஏறும். முப்பதுக்கு பதில் ஒன்று. இது நல்ல கணக்காக இருக்கிறதே என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் இந்தப் பழக்கம் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். பத்தரை மணிக் காபி வரவில்லை என்றால் ஆபீஸில் பாதிப் பேருக்குத் தலை விண் விண் என்கிறது, இல்லையா? அதை நூறால் பெருக்குங்கள். மூக்கு ஒழுகும். கண்ணில் தண்ணீர் கொட்டும். எலும்புக்குள் வலி, வாந்தி, பேதி. உடம்பெல்லாம் மயிர் குத்திட்டு நிற்கும். கால் தானாக உதைத்துக்கொள்ளும். நாலைந்து ராத்திரி தூக்கமே கிடையாது. பொதுவாக உயிர் போகாது; போனால் தேவலை என்று தோன்றுமாம். ஆனால் ஒரு வேளைச் சரக்கு உள்ளே போனால் எல்லாம் சட்டென்று அடங்கிவிடும். ஆக, கொஞ்ச காலம் போனதும் சுகத்துக்காக எடுப்பது நின்று, சாதாரணமாக எழுந்து பல் தேய்த்து வேலைக்குப் போவதற்காகவே எடுக்க வேண்டியதாகிறது. ‘மன உறுதி இல்லாத பயல்’ என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவர்கள் ஒரு வாரம் காபியை விட்டுவிட்டு வந்து பேசட்டும்.

இது ஏதோ பாலத்துக்கு அடியில் படுத்திருப்பவர்களின் பிரச்னை என்று நினைத்தால் அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரை அங்கே கடைக்கு வந்தது. முதுகு வலி, மூட்டு வலி என்று போனவர்களுக்கெல்லாம் டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பழக்கமாகிவிடும் அபாயத்தைக் குறைத்துச் சொல்லி விற்ற பர்டியூ நிறுவனத் தரப்பு 2007-இலும் 2020-இலும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் மாத்திரை கிடைக்காமல் தவித்தவர்கள் ஹெராயினுக்குப் போய், ஹெராயினில் ஃபென்டனில் கலக்க ஆரம்பித்து... 2021-ஆம் வருஷம் மட்டும் போதை மருந்து அளவு மீறி அந்த நாட்டில் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அதில் சுமார் 80 ஆயிரம் பேர் இந்த அபின் குடும்பத்து மருந்துகளால். 2024-இல் மொத்தச் சாவே சுமார் 80 ஆயிரமாகக் குறைந்தது என்று சந்தோஷப்பட்டார்கள். அப்போதும் தினத்துக்கு இருநூறு பேருக்கு மேல். டை கட்டியவர்கள், கட்டிட வேலைக்காரர்கள், காலேஜ் பையன்கள் எல்லாரும் உண்டு.

இனிமேல்தான் கதையில் நமக்குத் தெரிந்த ஆள் வருகிறார்: டெட்டால்!

நம் காயத்துக்கு டெட்டால், வேட்டிக்கு ராபின் நீலம், ஷூவுக்கு செர்ரி பிளாஸம் எல்லாம் விற்ற ரெக்கிட் அண்ட் கோல்மன் கம்பெனிக்கு இங்கிலாந்தில் ஹல் என்ற துறைமுக ஊரில் ஒரு ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. கடுகுப் பொடி விற்கிறவர்களுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்காதீர்கள். மார்ஃபின் மாதிரி வலியைப் போக்க வேண்டும், ஆனால் மார்ஃபின் மாதிரி ஆளைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று ஜான் லூயிஸ் என்ற வேதியியல்காரரும் அவருடைய சகாக்களும் கசகசாச் செடியிலிருந்து வரும் தீபெய்ன் என்ற சரக்கை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். (இதே சரக்கிலிருந்து முன்பு பிறந்த இன்னொரு மருந்து, காட்டில் யானையை மயக்கிப் படுக்க வைக்கப் பயன்படுகிறது. பயங்கரமான குடும்பம்.) 1966-இல் பியுப்ரனார்ஃபின் பிறந்தது. 1978-இல் பிரிட்டனில் வலி ஊசியாக விற்பனைக்கு வந்தது.

அதன் விசேஷம் இது. மூளையில் இந்த மருந்துகளுக்கென்று பூட்டுகள் இருக்கின்றன. ஹெராயின் என்கிற சாவி போய்க் கதவை அகலத் திறந்துவிடும். பியுப்ரனார்ஃபின் சாவி பாதிதான் திருகும். திருகிய பிறகு பூட்டை விட்டுக் கழலாது. வேறு சாவிக்கு இடமும் தராது. பாதி திறந்திருப்பதால் அந்த வாந்தி, பேதி அவஸ்தை வராது. முழுசாகத் திறக்காததால் கிறுகிறுப்பு இல்லை. மூச்சு நின்றுபோகும் அபாயமும் வெகுவாகக் குறைவு. அமெரிக்காவில் லெக்ஸிங்டன் நகரத்து ஆராய்ச்சி மையத்தில் டொனால்டு ஜாஸின்ஸ்கியும் சகாக்களும் 1978-இலேயே, ‘இது வலிக்கு மட்டுமல்ல, போதைப் பழக்கத்துக்கே மருந்தாகலாம்’ என்று எழுதிவிட்டார்கள்.

எழுதி என்ன? நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையாக அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது 2002-இல். அதிலும் ஒரு தமாஷ். பழக்கத்தை உண்டாக்கிய வலி மாத்திரையை ஒரு டாக்டர் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பழக்கத்தை நிறுத்தும் இந்த மாத்திரைக்குத் தனிப் பயிற்சி, தனி அனுமதி. அதற்கும் மேல் ஆரம்பத்தில் முப்பது நோயாளிகளுக்குத்தான் தரலாம் என்று கணக்கு! முப்பத்தோராவது ஆள் வாசலில் நிற்க வேண்டியதுதான். இந்த உச்சவரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, தனி அனுமதியையே ஒழித்தது 2022 டிசம்பர் கடைசியில். பிரான்ஸ்காரர்கள் புத்திசாலிகள். 1996-லிருந்தே சாதாரண குடும்ப டாக்டர் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிட்டார்கள். 1995-க்கும் 1999-க்கும் இடையில் அங்கே அளவு மீறிய சாவுகள் 79 சதவீதம் குறைந்தன.

சரி, மாத்திரையே இவ்வளவு பிரமாதம் என்றால் ஊசி எதற்கு?

மாத்திரை தினமும் போட வேண்டும் ஸார். அங்கேதான் வில்லங்கம். விழுங்கக் கூடாது, நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, எச்சிலை முழுங்காமல், அது கரையும் வரைக்கும் ஐந்து பத்து நிமிஷம் ஊமையாக உட்கார வேண்டும். கசப்பு வேறு. ஆபீஸ் கிளம்புகிற அவசரத்தில் மனைவி ‘கேஸ் புக் பண்ணீங்களா?’ என்று கேட்டால் தலையைத்தான் ஆட்ட முடியும். அதை விட முக்கியம், தினமும் காலையில் அந்த டப்பாவைக் கையில் எடுக்கும்போது ‘நான் யார்’ என்று அது ஞாபகப்படுத்துகிறது. வெள்ளிக்கிழமை வந்தால் மனசு இன்னொரு கணக்குப் போடுகிறது: இன்றைக்கு ஒரு நாள் இதைப் போடாமல் விட்டால், நாளை ராத்திரி பழைய சரக்கு வேலை செய்யுமே! பணமுடை வந்தால் நாலு மாத்திரையை விற்றுவிடலாம். வாங்குவதற்கு ஆள் உண்டு. வீட்டில் குழந்தை கையில் கிடைத்தால் ஆபத்து. ஊருக்குப் போகும்போது பையில் மறந்தால் ஆபத்து. ஆக, ஒவ்வொரு நாளும் ஒரு பரீட்சை. முப்பது நாளில் இருபத்தொன்பது பாஸ் செய்து ஒன்றில் கோட்டை விட்டாலும், ஃபென்டனில் கலந்த காலத்தில் அந்த ஒன்று போதும்.

ஊசி இந்தப் பரீட்சை ஹாலையே மூடிவிடுகிறது. ஸப்லோகேட் என்ற மாதாந்தர ஊசிக்கு அமெரிக்காவில் 2017 நவம்பர் 30-ஆம் தேதி அனுமதி கிடைத்தது. மருந்து ஒரு விசேஷ திரவத்தில் கலந்திருக்கும். வயிற்றுத் தோலுக்குக் கீழே போட்டால், உடம்பின் ஈரம் பட்டதும் திரவம் உறைந்து சின்னக் கட்டியாகிவிடும். அந்தக் கட்டி மாசம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மருந்தை விட்டுக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு மாசம் முந்நூறு மில்லிகிராம், பிறகு நூறு என்பது வழக்கமான கணக்கு.

“தொட்டுப் பார்த்தா கட்டி தட்டுப்படும் ஸார். தேய்க்கக் கூடாது. பெல்ட் அந்த இடத்துல உரசாம பாத்துக்கணும்.”

“அப்ப தொப்பை உள்ளவனுக்கு சௌகரியம்னு சொல்லுங்க.”

“தொப்பைக்கு முதல்முதலா ஒரு பிரயோஜனம்!” என்றார் ரெப், என் சட்டைப் பட்டன்களைப் பார்த்துக்கொண்டே. வாடகை பாக்கி இல்லாத தைரியம்.

இப்போது வயிறு தவிர தொடை, கை, இடுப்பின் பின்பக்கம் ஆகிய இடங்களிலும் போட 2025-இல் அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் விளையாட்டே கிடையாது. தோலுக்கு அடியில் உறைய வேண்டியது ரத்தக் குழாயில் போனால் அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும், ஆள் காலி. அதனால் இந்த ஊசி நோயாளி கையில் போவதே இல்லை. டாக்டரோ நர்ஸோதான் போட வேண்டும். ஒரு வகையில் அதுவும் நல்லதுதான். கையில் இல்லாததை விற்க முடியாதே.

ஸ்வீடனில் லுண்ட் நகரத்துக் கம்பெனி ஒன்று தயாரிக்கும் புவிடால் என்ற ஊசி ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 2018-இல் வந்தது. வாரத்துக்கு ஒன்று, மாசத்துக்கு ஒன்று என்று இரண்டு ரகம். அமெரிக்காவுக்கு அது பிரிக்ஸாடி என்று பெயர் மாற்றிக்கொண்டு 2023-இல் போய்ச் சேர்ந்தது.

வேலை செய்கிறதா? இங்கேதான் கணக்குப் பிள்ளை புத்தி எட்டிப் பார்க்கிறது. ஸப்லோகேட்டை வெறும் ஊசியோடு வைத்துப் பார்த்த ஆராய்ச்சியில் 504 பேர். இருபத்துநாலு வாரம். மருந்து ஊசி போட்டுக்கொண்டவர்கள் சராசரியாக 41 சதவீதச் சோதனைகளில் சுத்தம். வெறும் ஊசிக்காரர்கள் 5 சதவீதம். எட்டு மடங்கு! ஆனால் 41 என்பது நூறில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையோடு ஒப்பிட்டால்? லுண்ட் ஊசியை மாத்திரையோடு மோதவிட்ட சோதனையில் 428 பேர். சிறுநீர்ச் சோதனையில் ஊசிக் கோஷ்டி 35 சதவீதம் சுத்தம், மாத்திரைக் கோஷ்டி 28. ‘இவ்வளவுதானா?’ என்று எனக்கும் உப்பென்று போய்விட்டது. அப்புறம்தான் ஒரு சங்கதி கண்ணில் பட்டது. யாருக்கு எது என்று தெரியக் கூடாது என்பதற்காக, ஊசி போட்டவர்களுக்கும் தினமும் ஒரு டம்மி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்! அதாவது, எந்த அவஸ்தையை ஒழிக்க ஊசி வந்ததோ, அதே அவஸ்தையைச் சோதனைக்காகத் திரும்பக் கட்டி அனுப்பிவிட்டார்கள். பிறகு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 314 பேரை வைத்து, நிஜ வாழ்க்கையில் நடக்கிற மாதிரியே ஊசிக்காரர்களுக்கு ஊசி மட்டும், மற்றவர்களுக்கு வழக்கமான தினசரி மருந்து என்று பார்த்தார்கள். 2023-இல் வந்த முடிவு: 168 நாளில் ஊசிக்காரர்கள் சராசரி 123 நாள் சுத்தமாக இருந்தார்கள், மற்றவர்கள் 104. பத்தொன்பது நாள் லாபம். பத்தொன்பது நாள் எவ்வளவு பெரிசு என்பது அப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் போய்க் கேட்டால் தெரியும்.

இதற்கு நேர் எதிர் ஜாதி ஊசி ஒன்றும் உண்டு. விவிட்ரால். அதில் இருப்பது நால்ட்ரெக்ஸோன். பூட்டுக்குள் போகும், திருகவே திருகாது; மற்ற சாவியை மட்டும் தடுக்கும். 2010-லிருந்து அமெரிக்காவில் அபின் குடும்பப் பழக்கத்துக்கு மாசம் ஒரு தரம் பின்புறத்தில் போடுகிறார்கள். போதைப் பொருளே இல்லாத மருந்து என்பதால் நீதிபதிகளுக்கும் ஜெயில் அதிகாரிகளுக்கும் இதன் மேல் தனிப் பிரியம். சிக்கல் என்னவென்றால், இதைப் போடுவதற்கு முன் ஏழு முதல் பத்து நாள் எதையும் தொடாமல் தவம் இருக்க வேண்டும். முன்பே சொன்னேனே, அந்த உதறல், வாந்தி, பேதி எல்லாவற்றையும் முழுசாக அனுபவித்து முடித்துவிட்டு! 570 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சியில், பியுப்ரனார்ஃபின் ஒதுக்கப்பட்டவர்களில் 94 சதவீதம் பேர் மருந்தை ஆரம்பித்தார்கள். இந்த ஊசி ஒதுக்கப்பட்டவர்களில் 72 சதவீதம் பேர்தான் வாசல்படியைத் தாண்டினார்கள். தாண்டியவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன். அந்தத் தாண்டாத ஆட்களை நினைத்தால்தான் சங்கடம்.

ஊசியின் உண்மையான அருமை ஜெயில் வாசலில் தெரிகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஜெயிலிலிருந்து விடுதலையானவர்களைக் கணக்கெடுத்து 2007-இல் ஒரு கட்டுரை வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில், போதை மருந்து அளவு மீறிச் சாகும் அபாயம் மற்ற ஜனங்களை விட 129 மடங்கு. காரணம் சுலபம். உள்ளே இருந்த காலத்தில் உடம்புக்குப் பழைய பழக்கம் விட்டுப்போயிருக்கும். மனசுக்கு மட்டும் பழைய அளவு ஞாபகம் இருக்கும். வெளியே வந்த சந்தோஷத்திலோ துக்கத்திலோ அதே அளவை எடுத்தால், அதுதான் கடைசி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து ஜெயில்களில் இந்த மாத ஊசியைச் சோதித்துப் பார்த்து, கொரோனா காலத்தில் பரவலாக்கினார்கள். ஜெயிலில் தினமும் நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து, அது கரையும் வரை காவலர் நின்று பார்ப்பது பெரிய ரோதனை. வாயிலிருந்து எடுத்து வியாபாரமும் நடக்கும். ஊசிக்கு அந்தத் தொல்லை இல்லை. வெள்ளிக்கிழமை விடுதலை என்றால் வியாழக்கிழமை ஒரு ஊசி. முதல் டாக்டரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு அவனுக்கு நாலு வாரம் அவகாசம் கிடைக்கிறது.

இவ்வளவு சொன்னவன் வியாபாரத்தைச் சொல்லாமல் விட்டால் நான் படித்த காமர்ஸுக்கு அவமானம். ஸப்லோகேட் 2017-இல் வந்தபோது ஒரு ஊசியின் பட்டியல் விலை 1,580 டாலர். அன்றைய மதிப்பில் ஒரு லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், மாசா மாசம்! தயாரிப்பது இன்டிவியர் கம்பெனி. நம் டெட்டால்காரர்களிடமிருந்து 2014-இல் பாகம் பிரிந்து தனிக்குடித்தனம் போனது. பிரிவதற்கு முன்பே ஒரு கைவரிசை. மாத்திரைக்கு மற்ற கம்பெனிகளின் மலிவுப் போட்டி வரப்போகிற சமயத்தில், 2012-இல், ‘குழந்தைகள் எடுத்துத் தின்றுவிடும்’ என்று சொல்லி அமெரிக்காவில் தங்கள் மாத்திரையையே வாபஸ் வாங்கி, நாக்குக்கு அடியில் ஒட்டும் ஃபிலிம் ரகத்துக்கு ஜனங்களைத் திருப்பினார்கள். ஃபிலிமுக்குப் புது பேடண்ட் இருந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? ஃபிலிமை விற்ற விதத்துக்காக அமெரிக்க அரசாங்கம் வழக்குப் போட்டு, 2019-இல் ரெக்கிட் 140 கோடி டாலர் வரை கட்டச் சம்மதித்தது. 2020-இல் இன்டிவியரின் கிளை நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. முன்னாள் தலைமை அதிகாரி ஆறு மாசம் உள்ளே போனார். நல்ல மருந்து, விற்றவர்கள் லட்சணம் இது. இரண்டையும் ஒரே லெட்ஜரில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

‘ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கொடுக்கிறார்கள், இதில் என்ன வைத்தியம்?’ என்று கேட்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. சர்க்கரைக்காரர் தினம் இன்சுலின் போட்டுக்கொண்டு ஆபீஸ் வந்தால் ‘இன்சுலினுக்கு அடிமை’ என்று யாராவது சொல்கிறோமா? வேலைக்கு ஒழுங்காக வருகிறான், குழந்தைக்கு ஃபீஸ் கட்டுகிறான், ராத்திரி தூங்குகிறான். எனக்கு அது போதும். ஊசியில் எனக்கு உறுத்துவது வேறு. மாத்திரைக்காகத் தினமும் கடைக்குப் போனவனை அங்கே ஒருவர் ‘என்னப்பா, முகம் வாடியிருக்கு?’ என்று கேட்டிருப்பார். மாசம் ஒரு தடவை போகிறவனை யார் பார்க்கிறார்கள்? சரக்குத் தேடி அலைந்த நேரமெல்லாம் இப்போது காலியாகக் கிடக்கிறது. அதை நிரப்ப ஊசியால் ஆகாது. இன்னொன்று: மாத்திரை பிடிக்கவில்லை என்றால் நாளை நிறுத்தலாம்; ஊசி உள்ளே போனால் போனதுதான், முதல் இரண்டு வாரத்துக்குள் கத்தி வைத்து எடுத்தால் உண்டு. பல மாசம் போட்டு நிறுத்தியவர் உடம்பில் ஒரு வருஷத்துக்குப் பிறகும் மருந்தின் மிச்சம் இருக்கலாம்.

நம் பக்கம் வருவோம். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, அபின் குடும்பப் பழக்கத்துக்கு உதவி தேவைப்படும் இந்தியர்கள் சுமார் 77 லட்சம். பஞ்சாபில் 2017 அக்டோபரிலிருந்து அரசாங்க கிளினிக்குகளில் இதே பியுப்ரனார்ஃபினை மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். சென்னைக்கு இந்த மருந்து வேறு விதத்தில் அறிமுகம்: 1990-களில் வலிக்கான பியுப்ரனார்ஃபின் ஊசி மருந்தையே வாங்கி நரம்பில் ஏற்றிக்கொண்ட கூட்டம் இங்கே இருந்தது. சமீப வருஷங்களில் டாபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்துப் பையன்கள் ஊசியில் ஏற்றிக்கொள்ளும் செய்தி நம் பேப்பர்களில் வந்துகொண்டே இருக்கிறது. அதுவும் அதே குடும்பம்தான்.

அப்படி ஒருவர் உங்கள் ரூம்மேட்டாகவோ பக்கத்து ஸீட்டாகவோ இருந்தால், ரூமில் போட்டுப் பூட்டி ‘ஒரே வாரத்தில் நிறுத்திக் காட்டறேன்’ என்று சபதம் எல்லாம் வேண்டாம். பத்து நாள் நிறுத்திவிட்டுப் பழைய அளவை எடுப்பதுதான் ஆளைக் கொல்வது. அரசாங்கத்தின் போதை மீட்பு உதவி எண் 14446. காசு கிடையாது, எந்த போனிலிருந்தும் கூப்பிடலாம்.